துரைக்குப் பெய்த மழை

அன்று காலை அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொல்லித்தான். கைக்குட்டையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இன்னும் விரல் ரேகை தெரிந்தது. மறுபடி துடைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது," என்றாள். "முன்னாடி இருந்ததே பரவால்ல."

பிறகு அதைக் கழற்றி, கறுப்புக் கயிற்றைப் பிடித்து, தலைமாட்டுத் தடுப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த திருகாணி முனையில் மாட்டினாள். நான் தலையணைகளை அடுக்கி, அவளை மேலே தூக்கி உட்காரவைத்து, மரச்சீப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அந்தத் திருகாணி அங்கே வந்த கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ஆகவே அவளுடைய கணவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த வேலை அல்ல.

அக்கா அவரைத் துரை என்பாள். பெயர் அதுவல்ல. கல்யாணமான புதிதில், தண்ணீர்ச் செம்பு தன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்க, "தண்ணி" என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பாராம். அப்போது வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னாள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். சில சமயம் தொலைபேசியில் தன் தங்கையிடம், "உங்க அண்ணி என்னைத் துரைன்னுதான் கூப்பிடுவா" என்று பெருமையடித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

துரைக்குக் குளிர்பதனக் கிடங்கொன்றில் இரவுநேர மேற்பார்வையாளர் வேலை. மீனும் காய்கறியும் உறைந்து கிடக்கும் அறைகளுக்கு வெளியே நடந்து, கதவுக்கு மேலே எரியும் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் தவறினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், பூமி சுற்றுவதே அவர் கண் விழித்திருப்பதால்தான் என்று தோன்றும். "நான் ஒரு நிமிஷம் கண் அசந்தா இந்த ஊரே பட்டினி" என்பார். விடிந்தபின் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, திரையை இழுத்து மூடி, மத்தியானம் தாண்டும்வரை தூங்குவார். அந்தத் தூக்கத்தை வீட்டில் எல்லோரும் ஊதினால் அணைந்துவிடும் விளக்கைப் போலக் காக்க வேண்டும்.

அக்காவுக்கு இதயம் பெரிதாகிப் பலவீனமாகிவிட்டது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், இருமல் வரும். முதுகுக்குத் தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில்தான் கண் அயர்வாள். அசந்து தூங்கினால் உடம்பு மெல்லக் கீழே சறுக்கிவிடும். அப்போது யாராவது வந்து அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு குழந்தையைத் தொட்டிலில் திருப்பிப் போடுகிற நேரம்கூட ஆகாது.

நோய் முற்றிய பிறகு நான் அவர்கள் வீட்டோடு வந்துவிட்டேன். எனக்குப் பள்ளி நூலகத்தில் வேலை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். மற்ற நேரமெல்லாம் அவள் கட்டிலுக்குக் கீழே பாயில் நான் இருப்பேன். அந்தக் காலை நேரம் மட்டும்தான் துரையின் பொறுப்பு.

அவர்களுடையது மாடி வீடு. நீளமான ஒரே படுக்கையறை, அதற்குக் கூடத்திலிருந்து இரண்டு கதவுகள். அக்காவின் இருமல் தொடங்கிய மாதமே துரை ஒரு தச்சரைக் கூட்டிவந்து அறையின் நடுவே ப்ளைவுட் தடுப்பு அடித்து இரண்டாக்கிவிட்டார். ஜன்னலும் ஒரு கதவும் அவர் பக்கம் போயின. அக்காவின் பக்கத்துக்கு இன்னொரு கதவும் ஒரு காலண்டரும் மிஞ்சின. இரண்டு கட்டில்களின் தலைமாடும் அந்தத் தடுப்பை ஒட்டித்தான். அவள் சறுக்கிவிட்டால் மரச்சீப்பின் பிடியால் பலகையில் தட்டுவாள். அந்தப் பக்கம் அவர் எழுந்து வருவார்.

வந்தார். அதை மறைக்கவில்லை. சில வாரங்கள் வந்தார்.

"வர்றதுக்கு முன்னாடி பெருமூச்சை அனுப்பி வைப்பாரு," என்றாள் அக்கா. "அது வந்து நின்னு என்னைப் பாத்துட்டு, அப்புறம்தான் ஆள் வரும்."

ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சிறிய தட்டளவில், வெள்ளையாக, வட்டமாக ஒன்று. புகை வந்தால் கத்துகிற கருவியாக்கும் என்று நினைத்தேன்.

"இதுக்குப் பேரு வொயிட் நாய்ஸ் மெஷின்," என்றார் துரை. அன்று அவருக்கு விடுமுறை நாள். கையில்லாத பனியனோடு, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகும் டாக்டரைப் போல நின்றார்.

"சத்தமா?"

"சத்தம் இல்ல. இரைச்சல். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சத்தம் மனுஷனை எழுப்பும், இரைச்சல் தூங்க வைக்கும். இதுல மழை இருக்கு, அருவி இருக்கு, ஃபேன் சத்தம் இருக்கு. எது வேணுமோ வச்சுக்கலாம். எல்லா ஓசையும் சமமாக் கலந்து வர்றப்ப மூளை குழம்பிப்போய், சரி இனிமே கேக்க ஒண்ணும் இல்லன்னு தூங்கிடும். ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

"எந்த ஓசை கேக்கக் கூடாதுன்னு வாங்கினீங்க அத்தான்?"

அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியிலிருந்த வழிகாட்டித் தாளைப் படிக்கத் தொடங்கினார். அதில் படங்கள்தான் இருந்தன. அவற்றையும் ரொம்ப நேரம் படித்தார்.

ஒரு தட்டை மேசைமேல் வைப்பதுபோல அதை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கலாம். அதற்குக் கீழே ரப்பர் கால்கள்கூட இருந்தன. ஆனால் துரைக்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும். அதுவும் தடுப்பில்தான் மாட்ட வேண்டும். காரணம் கேட்டேன்.

"தண்ணி வர்ற இடத்துலதான் அணை கட்டணும். வீட்டுக்குள்ள வந்தப்புறமா கட்டுவாங்க?" என்றார்.

இப்படி ஒரு வாசகம் வாயில் வந்துவிட்டால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. அந்தச் சாயங்காலம் முழுக்க அணை, மடை, மதகு என்றே பேசினார். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். விளக்கு எரிகிற அறையில் டார்ச் எதற்கென்று தெரியவில்லை, பிடித்தேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், எடுத்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். வட்டமான பொருளுக்கு ரசமட்டம் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அதற்கும் ஆராய்ச்சி வந்திருக்கும். பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, அழித்து, மறுபடி முதலில் வைத்த இடத்திலேயே வைத்தார்.

பெட்டிக்குள் இரண்டு குட்டைத் திருகாணிகள் கொடுத்திருந்தார்கள். அவற்றை உள்ளங்கையில் போட்டு ஊதித் தள்ளுவதுபோலப் பார்த்தார்.

"இது பொம்மைக்குப் போடுற ஸ்க்ரூ. நாளைக்கு விழுந்து மண்டையில அடிச்சா யாரு பொறுப்பு?"

கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். கனமான இரும்புக் கதவின் கீலுக்குப் போடுகிற திருகாணி, ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். கால் கிலோகூட எடையில்லாத பிளாஸ்டிக் வட்டத்துக்கு. டிரில்லரை வைத்து அமுக்கினார். ப்ளைவுட் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. முதல் ஆணி உள்ளே இருந்த மரச்சட்டத்தில் இறங்கி நின்றுவிட்டது. இரண்டாவது போய்க்கொண்டே இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுவாள்.

"ஏங்க... ஆணி இந்தப் பக்கம் வந்துருச்சு."

"வராது," என்றார் துரை.

"வந்துருச்சுங்க. வந்து வணக்கம் சொல்லுது."

"வர வாய்ப்பே இல்ல. அளந்துதான் போட்டேன்."

நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவள் தலைக்குச் சற்று மேலே, காலண்டருக்குப் பக்கத்தில், பளபளவென்று ஓர் இரும்பு முனை. சுற்றிலும் பெயிண்ட் பூப்போல விரிந்து உதிர்ந்திருந்தது. கட்டைவிரல் நகத்தின் நீளம் வெளியே நின்றது. அக்கா அதைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாள், சிரித்தால் இருமல் வரும் என்பதால்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குன்னு அவரு அடிச்ச ஒரே ஆணி," என்றாள். "அதுவும் தெரியாம அடிச்சிட்டாரு."

அப்போதே கண்ணாடிக் கயிற்றை எடுத்து அதில் மாட்டினாள். அதற்குமுன் கண்ணாடியைத் தலையணைக்கடியில் வைத்து நாளுக்கொரு தரம் தேடுவோம். துரை அந்தப் பக்கம் வந்து பார்க்கவேயில்லை. அளந்துதான் போட்டிருந்தாரே.

மெஷின் மாட்டியாயிற்று. நான் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"அக்கா தட்டினா உங்களுக்கு எப்படி அத்தான் கேக்கும்?"

"அதெல்லாம் யோசிக்காமலா வாங்கினேன்? டெஸ்ட் பண்ணிடலாம்."

டெஸ்ட் நடந்தது. மழையை வைத்தார். தடுப்புக்கு முன்னால் தலையைச் சாய்த்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார். "ம், தட்டு!" என்று சத்தமாகச் சொன்னார். அக்கா தட்டினாள். "கேக்குது பாரு! தெள்ளத் தெளிவாக் கேக்குது. இன்னொரு தரம் தட்டு! கேக்குது!" என்றார். பகல் வெளிச்சத்தில், நின்றுகொண்டு, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, தட்டு என்று தானே சொல்லிவிட்டு, தட்டியது கேட்கிறது என்று கண்டுபிடித்தார்.

"தூங்குறப்ப?" என்றேன்.

"மனசுக்குத் தெரியும்," என்றார். "கட்டின பொண்டாட்டி கூப்பிட்டா மனசுக்குத் தெரியாதா?"

இரண்டு நாளில் ஒரு விஷயம் புரிந்தது. அந்த மெஷின் துரையின் பக்கம் முணுமுணுப்பாகத்தான் பெய்தது. ஆனால் அது நெஞ்சை ஒட்டவைத்திருந்தது மெல்லிய ப்ளைவுட்டில், அதுவும் அந்த நீளத் திருகாணியால் இறுக்கிப் பிடித்து. பலகை முழுக்க அதிர்ந்தது. அக்காவின் பக்கம்தான் அடைமழை. பலகையில் உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல நடுங்கும். கண்ணாடி அதன் கயிற்றில் மெல்ல மெல்ல ஆடும். இருமலை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்கக் கட்டிய அணை, தண்ணீரையெல்லாம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அவர் தூங்கினார். இவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"குடை இல்லாத குறைதான்."

நான் போய்ச் சொன்னேன். மெஷினை ஸ்டூலில் வைக்கலாம், இல்லையென்றால் எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்றேன். துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதிர்ச் சுவரு செங்கல்லு. ஓட்டை போட்டா பிளாஸ்டர் உதிரும்," என்றார். "அதோட மழைச் சத்தம் அவளுக்கும் நல்லதுதானே? ஆராய்ச்சி எல்லாருக்கும் பொதுதான்."

நான் இன்னும் பேசியிருப்பேன். அக்கா உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விடுடீ. அவருகிட்ட பேசி ஜெயிக்கிற மூச்சு எனக்கும் இல்ல, உனக்கும் வேண்டாம்."

"உனக்கு அவசரம்னா?"

"அவசரம்னா தட்டுறேன். பாப்போம் மனசுக்குத் தெரியுதான்னு."

மறுநாள் நான் கம்பியில்லாத அழைப்புமணி ஒன்று வாங்கிவந்தேன். பொத்தான் அக்காவின் கைப்பக்கம். மணி துரையின் அறையில் ப்ளக்கில் செருகியிருக்க வேண்டும். அவர் பக்கம் ஒரே ஒரு ப்ளக்தான், அதில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டையும் செருக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வாங்கிவந்தேன். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல ஐடியா. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். மணி குருவி கத்துவதுபோல அடித்தது. இரைச்சலைத் துளைத்துக்கொண்டு நன்றாகவே கேட்டது. சில நாட்கள் அவர் எழுந்து வந்ததாக அக்கா சொன்னாள்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். காலையில் தையல் மிஷினை நிறுத்தி டீ குடிக்கும் நேரத்தில் வந்து அக்காவை எட்டிப்பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அதற்கும் துரை ஒரு வழி செய்தார். வெளிக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "தூங்குற நேரத்துல கதவைத் தட்டாதீங்கம்மா, ஷிஃப்ட் வேலை பாக்குறவன் உடம்பு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் கூட இருக்க ஓர் ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கும் அதே கதவுதான். "வெளி ஆளு வீட்டுக்குள்ள நடமாடினா எனக்குத் தூக்கம் வராது." வேலையை விட்டுவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அதற்கு மட்டும் கோபித்தாள்.

"நீ போய் நாலு பேரைப் பாத்துட்டு வந்து சொல்றதுதான் எனக்கு வெளி உலகம். நீயும் இங்கயே உக்காந்துட்டா ரெண்டு பேரும் துரையோட குறட்டையைத்தான் பேசணும்."

பொத்தானைப் பற்றிக் கேட்டால், "இருக்கு, இருக்கு" என்பாள். பிறகு ஒருநாள் பார்த்தேன், பொத்தான் ஜன்னல் இல்லாத அந்த அறையின் மூலை அலமாரியில் இருந்தது, சீப்பு கையருகே இருந்தது. "சீப்பே பழகிப்போச்சு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, நான் சண்டை போடுவேன் என்று. அவளுடைய காலைகளில் இரைச்சல் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்த அன்று மதியம் நான் வந்தபோது கதவு வழக்கம்போல உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுந்து வந்து அவரும் தட்டினார். கடைசியில் துரை கதவைத் திறந்தார். முகம் தூக்கத்தில் உப்பியிருந்தது.

"மெதுவாத் தட்டக் கூடாதா?"

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். அவர் பின்னாலேயே வந்து, அறை வாசலில் நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்.

"எழுப்பாத. இன்னிக்குத்தான் நல்லாத் தூங்குறா. காலையிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல."

தலையணைகளிலிருந்து சறுக்கி, முழுவதும் மட்டமாகக் கிடந்தாள். தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் தொட்டேன். சீப்பு விரல்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. பிடியின் முனை பிளந்திருந்தது. தடுப்பில், அவள் கை எட்டும் உயரத்தில், பிறை பிறையாகப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பழைய தடங்கள் அழுக்கேறி மங்கியிருந்தன. புதியவை மரத்தின் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. தலையணையிலும் அவள் தலைமயிரிலும் பெயிண்ட் துகள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த அறையில் அசைந்தது ஒன்றே ஒன்றுதான். திருகாணியில் தொங்கிய கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். இந்த நிலையில் இருந்த இதயம் எந்த நேரமும் நின்றிருக்கும், தூக்கி உட்காரவைத்திருந்தாலும் நின்றிருக்கலாம் என்றார். நல்ல மனிதர், எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். துரை அந்த வாக்கியத்தைப் பரிசுக் கோப்பை மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். "கேட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

இருக்கலாம். டாக்டரோடு எனக்கு வழக்கில்லை. அவள் பிழைத்திருப்பாள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தட்டியபோது ஒரு மனித முகம் வந்து அவள் முன் நின்றிருக்க வேண்டும். பெருமூச்சோடு வந்திருந்தாலும் போதும். அதை மட்டும்தான் நான் சொன்னேன், அதைத்தான் ஒருவரும் கேட்க விரும்பவில்லை.

வீடு நிறைய ஆட்கள். துரை நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப்பின் எங்களுக்குப் பெரியவள் அவள்தான்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன் சித்தி," என்றார் துரை. "ஒரு பலகைதான் நடுவுல."

"உங்களை மாதிரி யாரு பாத்துப்பா?" என்றாள் சித்தி. "ராத்திரி எல்லாம் உழைச்சிட்டு வந்து, பகல்ல பொண்டாட்டிக்குக் காவல். இந்தக் காலத்துல எந்த ஆம்பள செய்வான்?"

"கடமைதானே சித்தி."

தையல்காரம்மா சுவரோரம் நின்றிருந்தார். கடமை என்ற சொல் காதில் விழுந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்தி என்னைப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு வேற சட்டை எடுத்துக் குடுடீ. ரெண்டு நாளா இதையே போட்டிருக்காரு. ஆளுங்க வர்றாங்க பாரு."

அவருடைய பக்கம் போய் அலமாரியைத் திறந்தேன். சட்டைகள் மடித்து வைத்திருந்தன. கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போகும் கம்பளித் தொப்பியும் காலுறைகளும் கீழ்த்தட்டில் இருந்தன. அவற்றுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தது. வயரை எட்டு வடிவத்தில் அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மேலே மணி, அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே திரும்பப் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டியிருந்தது. எதையும் அவர் பத்திரமாக எடுத்துவைப்பார். சுவரில் மெஷினின் ப்ளக் மட்டும் தனியாக, நேராக, உறுதியாகச் செருகியிருந்தது.

சட்டையை எடுத்துக்கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தேன். மணியைக் கூடத்து ப்ளக்கில், டிவிக்குப் பக்கத்தில், செருகினேன். யாரும் கவனிக்கவில்லை. பிறகு அக்காவின் அறைக்குப் போய் மூலை அலமாரியிலிருந்த பொத்தானை எடுத்து அமுக்கினேன்.

கூடத்தில் குருவி கத்தியது. கூட்டத்தின் பேச்சு நின்றது.

"வாசல்ல யாரு?" என்றார் துரை.

"வாசல் திறந்துதானே இருக்கு. யாரும் இல்லியே," என்றாள் சித்தி.

மறுபடி அமுக்கினேன். கையை எடுக்காமல் அமுக்கினேன். அங்கிருந்து அறைக்கதவு வழியாகக் கூடம் தெரியும், கூடத்திலிருந்தும் நான் தெரிவேன். ஒவ்வொரு தலையாக மணியைப் பார்த்து, பிறகு என் கையைப் பார்த்து, பிறகு துரையைப் பார்த்தது. அவருக்குக் காது சிவந்தது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார்.

"அதுவா," என்றார், குருவியின் கத்தலுக்கு மேலே குரலை உயர்த்தி. "அது சரியா வேலை செய்யல. அதான் எடுத்து வச்சேன்."

குருவி கத்திக்கொண்டிருந்தது.

"ஒரு ப்ளக்ல ரெண்டு போட்டா சூடாகும். கிடங்குல இதெல்லாம் அனுமதிக்கவே மாட்டோம்," என்றார். "டாக்டரே சொன்னாரு..." என்று ஆரம்பித்தார்.

"போதும்டீ. நிறுத்து," என்றாள் சித்தி என்னிடம்.

நிறுத்தினேன். அவள் அவருடைய கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடத்தின் மறுகோடிக்குப் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். மாற்றுச் சட்டை நாற்காலியின் கைப்பிடியில் தொங்கியது. அதை எடுத்து அவரிடம் நீட்ட யாரும் வரவில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார், பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று.

நடந்தது அவ்வளவுதான். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. சொந்தக்காரர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே, பாவம் தனி மனிதன் என்று யாரோ சொல்ல ஆரம்பித்தும் விட்டார்கள். நான் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டேன். சீப்பையும்.

சில மாதம் கழித்து, விட்டுவந்த புத்தகங்களை எடுக்க ஒருநாள் போனேன். ஞாயிற்றுக்கிழமை, துரைக்கு விடுமுறை. கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தார். தூக்கம் நன்றாக இருக்கிறது போலும்.

"அவ போன துக்கத்துல எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா," என்றார். "இந்த மெஷின் மட்டும் இல்லேன்னா நானும் போய்ச் சேந்திருப்பேன்."

தடுப்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எடுத்தா மெஷினை எங்க மாட்டுறது?"

அக்காவின் பக்கம் காலியாக இருந்தது. கட்டில் இல்லை, காலண்டர் இல்லை. அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள், இளம்பச்சையில், வாசனைகூடப் போகவில்லை. சீப்பின் பிறைத் தடங்களையெல்லாம் மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, தடம் தெரியாமல் செய்திருந்தார் பெயிண்டர். நல்ல வேலைக்காரர். புத்தகங்கள் மூலை அலமாரியில் இருந்தன. எடுத்துப் பையில் போட்டேன். துரை வாசலில் சாய்ந்து நின்றபடி, சுவரைப் பெருமையாகப் பார்த்தார்.

"பெயிண்டர் பய ஒரே புலம்பல்," என்றார். "அந்த இடத்துல ஏதோ ஆணி நீட்டிக்கிட்டு இருக்காம், கையைக் கிழிச்சிடுச்சாம். காயத்தைக் காட்டுறான். வர வாய்ப்பே இல்லப்பா, அளந்துதான் போட்டேன்னு சொன்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி வைத்தால் தெரியும். வைக்கவில்லை. இளம்பச்சை நடுவே திருகாணி கட்டைவிரல் நகத்தின் நீளம் வெளியே நின்றது. அதன் முனையில் பெயிண்ட் ஒட்டவில்லை.